டீச்சர் எழுதிய ஏ

ஆறாம் வகுப்புக்கு வந்தபோது என்னை ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். எங்கள் வீடு முசிறிப் பக்கம். அப்பாவுக்கு வாழை விவசாயம். தினமும் போய்வர முடியாது என்பதால் அம்மாவின் அக்கா வீட்டில் தங்கிப் படிப்பது என்று முடிவானது. பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் குழந்தைகள் இல்லை. எனக்கென்று ஒரு கட்டிலும் கண்ணாடி வைத்த பீரோவும் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

அதுவரை தமிழில் படித்தவள் நான். வகுப்பில் எது கேட்டாலும் எழுந்து நின்று ஜன்னலைப் பார்ப்பேன். இரண்டாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சர் என் டைரியில் இரண்டு வரி எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாமல் எப்படி நீட்டுவது? பெரியப்பாவின் அகராதியோடு கட்டிலில் உட்கார்ந்தேன். என் பெயர் புரிந்தது. 'டைம்' புரிந்தது. மிச்சத்தில் முக்கியமாகத் தோன்றியது ஒரே ஒரு சொல்தான். எழுத்துக் கூட்டித் தேடினேன். அடாப்ட்: தத்தெடு, பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்.

உடனே எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. பீரோ அதற்குத்தான். பக்கத்து வீட்டு மாமி, "உங்க பொண்ணா?" என்று கேட்டபோது பெரியம்மா பதில் சொல்லாமல் சிரித்ததும் அதற்குத்தான். டீச்சருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரியம்மா கொத்தமல்லி வாங்கிவர அனுப்பினாள். நான் டைரியைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து முசிறி பஸ். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அப்பா என் கையில் திணித்த பணம் இருந்தது.

"யாரு கூட வந்திருக்க பாப்பா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க" என்றேன். அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

என்னைத் தனியாக வாசலில் பார்த்ததும் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். முதலில் பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். பெரியம்மா அதற்குள் காய்கறிக் கடைகளையெல்லாம் சுற்றி, போலீசுக்குப் போகப் புறப்பட்டிருந்தாளாம். வாடகைக் காரில் வந்து இறங்கியவள் என்னைத் திட்டவில்லை. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ண?" என்றாள் அம்மா.

அழுதுகொண்டே டைரியைப் பிரித்து வைத்தேன். "என்னத் தத்துக் குடுத்துட்டீங்கள்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியம்மா டைரியை எடுத்துப் படித்தாள்.

"கண்ணு, இந்த வார்த்தைக்கு நடுவுல இருக்கறது ஓ இல்ல, ஏ. உங்க டீச்சர் வாலே போடாம எழுதியிருக்காங்க. புது எடத்துக்குப் பழகிக்கிறதுன்னு அர்த்தம். உனக்குப் பழகக் கொஞ்சம் டைம் ஆகும்னு போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

அழுகை நின்றதும் எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. தமிழில் எழுதினால் இரண்டும் அடாப்ட்தான். நடுவில் ஏ வந்தால் பிள்ளை பழகிக்கொள்கிறது, ஓ வந்தால் பிள்ளையே வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது! இரண்டையும் சொல்லிக்காட்டச் சொன்னேன். பெரியம்மா ஏ போட்டதைத் திருத்தமாகச் சொன்னாள். ஓ போட்டதைச் சொல்லும்போது குரல் கம்மியது. காரில் ஏசி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நீ இங்கயே இருக்கணும்னாலும் சரிதான்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். தத்து இல்லை என்றால் பெரியம்மா வீட்டில் எனக்கு என்ன குறை? "நாளைக்கு உங்ககூட வரேன்" என்றேன்.

மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனபோது சமையலறையில் இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவ அப்பாகிட்ட நான் இன்னும் அந்தப் பேச்ச எடுக்கவே இல்லக்கா" என்றாள் அம்மா.

"எடுக்காத. இனிமே எப்பவும் எடுக்க வேணாம்" என்றாள் பெரியம்மா.

நான் ஓடிவந்ததைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அப்பா கையால் விழவிருந்த அடியிலிருந்து பெரியம்மா என்னைக் காப்பாற்றிவிட்டாள். உள்ளே பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் பெரியம்மா!" என்றேன்.