புராஸ்டேட் மாத்திரை சாப்பிட்ட மாதம்

நாற்பது வயதைத் தாண்டும் வரை என் உடம்பில் புராஸ்டேட் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அது வீங்கிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

முதலில் படகின் குறுக்குப் பலகையில் உட்கார முடியவில்லை. நானும் என் மனைவியின் அண்ணனும் தோணிரேவிலிருந்து ஒரே படகில் பழவேற்காட்டு ஏரிக்குப் போகிறவர்கள். அவர் கழி ஊன்றித் தள்ளுவார், நான் வலை விடுவேன். கை ஓய்ந்தால் மாற்றிக்கொள்வோம். உட்கார்ந்தால் அடியில் கூழாங்கல் வைத்தது போல ஒரு வலி. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். போய்விட்டு வந்து வலையைத் தொடுவதற்குள் மறுபடியும் முட்டிக்கொண்டு வரும். போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

ஏரியில் ஆண்களுக்கு இந்த விஷயத்தில் கஷ்டமே கிடையாது. படகின் ஓரத்தில் திரும்பி நின்றால் முடிந்தது. ஆனால் ஒரே படகில் இருக்கிறவனுக்கு எதையும் மறைக்க முடியாது.

"இன்னா மாப்ள, ஏரில தண்ணி வத்திப் போச்சுன்னு நீ ரொப்பிகினு கீறியா?" என்றார் மச்சான்.

"எரியுது மச்சான்."

"சூடு. வேற ஒண்ணும் இல்ல."

எங்கள் பக்கத்தில் கண் சிவந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு, பையன் பரீட்சையில் கோட்டை விட்டாலும் சூடுதான். மச்சான் இளநீர் வாங்கித் தந்தார். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவச் சொன்னார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். இளநீர் குடித்ததில் இன்னும் அதிகமாகத் திரும்பி நிற்க வேண்டியதாகிவிட்டது.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தில் எரிச்சல் என்று ஒரு ஆண்பிள்ளை சொன்னால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். போதாததற்கு, கொஞ்ச நாள் முன்னால்தான் எளாவூரில் ஒரு சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தனியாகப் போய்த் தங்கிவிட்டு வந்திருந்தேன். சாப்பிட்டுத் தூங்கியதைத் தவிர அங்கே நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவள் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஏரியில் நல்ல இடங்களில் முறை வைத்துத்தான் வலை போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் பாடு வந்த ஒரு நாள், உச்சி வெயிலில், எனக்குக் குளிர ஆரம்பித்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. வலைக்கயிறு கையில் நிற்கவில்லை. மச்சான் என் நெற்றியில் கை வைத்தார். அப்போதுதான் விரித்த வலையைச் சுருட்டிப் போட்டார். தார்ப்பாயை எடுத்து என் மேல் போர்த்தினார். கரை வரும் வரை மூச்சு வாங்கக் கழி ஊன்றினார். விட்டுப் போன பாட்டைப் பற்றி இன்று வரை அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

"தங்கச்சி, இவன இஸ்துகினு ஆஸ்பத்திரிக்குப் போ. சூடு இல்ல இது," என்று என்னை வாசலில் விட்டார்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "எத்தினி நாளா இன்னாயா ஒளிச்சிகினு கீற?"

சொன்னேன். எரிச்சல், வலி, சொட்டு, எல்லாம். எளாவூரில் நான் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் அவள் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன்.

"இதுக்காயா திருட்டு முழி முழிச்சிகினு இருந்த? நான் உனக்குச் சக்கர வந்துடிச்சோன்னு பயந்துகினு, டீல சக்கரய கொறச்சிப் போட்டுகினு கீறேன்."

டீ ஏன் கொஞ்ச நாளாகச் சப்பென்று இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

காட்டூர்க்காரர் ஒருவரின் ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்குப் போனோம். அந்த ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஆட்டோவின் கூரையில் தலை இடித்தது. கீழே வலிப்பதற்கு மேலே வலிப்பது எவ்வளவோ தேவலை.

ஆஸ்பத்திரியில் இருந்தது பெண் டாக்டர். எங்கள் வீட்டுக் கடைசி மச்சினிச்சி வயதுதான் இருக்கும். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நர்ஸம்மாவிடம் மெதுவாக, "ஆம்பள டாக்டர் இல்லிங்களா?" என்றேன்.

"கீறாரு. பல் டாக்டர். போறீங்களா?"

மனைவி என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள்.

டாக்டரம்மா எந்தத் தயக்கமும் இல்லாமல் எல்லாம் கேட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, பின்பக்கமாக ஒரு சோதனை செய்தார். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. நான் நினைத்து நடுங்கியதைவிட அது சீக்கிரமாக முடிந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"புராஸ்டேட்ல வீக்கம். மூத்திரப்பைக்குக் கீழ நெல்லிக்காய் அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுல கிருமி போயிருக்கு," என்றார்.

"எனக்கும் அது கீதாம்மா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்."

"அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்தும் ஒயுங்கா வச்சிக்கல பாரு." டாக்டரம்மா சிரித்துவிட்டார். மனைவி விடவில்லை. "இந்தக் கிருமி எப்பிடிம்மா வருது? எளாவூரு கல்யாணத்துல..."

"பெரும்பாலும் நம்ம குடல்ல இருக்கிற சாதாரணக் கிருமிதான்மா வழி தவறி அங்க போயிடும். மூத்திரத்தை டெஸ்டுக்கு அனுப்புறேன், எந்தக் கிருமின்னு தெரிஞ்சிடும். சும்மா சந்தேகப்படாதீங்க."

நான் அந்த டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். காய்ச்சலுக்காகக் கும்பிடுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

காய்ச்சல் இறங்கும் வரை அங்கேயே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். டெஸ்ட் முடிவும் வந்தது. டாக்டரம்மா சொன்ன சாதாரணக் கிருமிதான். பிறகு மாத்திரை. கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக். மற்ற வியாதிகளுக்குத் தருவது போல ஐந்து நாளில் முடியாது, ஒரு மாதம் சாப்பிட வேண்டும், அந்தச் சுரப்பிக்குள் மருந்து இறங்குவது கஷ்டம் என்றார். நெஞ்செரிச்சல் மருந்தையோ பாலையோ அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. குதிகாலுக்கு மேலே நரம்பு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். இரண்டாவது, டாம்சுலோசின். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அது மூத்திர வழியின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும். மூன்றாவது, எரிச்சலுக்கு முதல் இரண்டு நாள் மட்டும் ஒரு மாத்திரை. அதைப் பற்றியும் அவர் ஏதோ சொன்னார். நான் அப்போது வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

என்ன சொன்னார் என்பது மறுநாள் தெரிந்தது. படகைப் பார்க்கலாம் என்று கரைக்குப் போனேன். மச்சான் பக்கத்தில் நின்றார். நான் திரும்பி நின்றேன். வந்தது நல்ல கேசரி நிறம்.

"அய்யோ, ரத்தம்!" என்று நான் கத்த, மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடினோம்.

மனைவி அடுப்பை விட்டு எழவே இல்லை. "அந்த மாத்திரைக்கு அப்பிடித்தான் போவும், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்களே! நீ எங்க பாத்துகினு இருந்த?"

மச்சான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நெடுநேரம் சிரித்தார்.

வாரம் ஒன்று போனதும் வலி காணாமல் போனது. இனி எதற்கு மாத்திரை என்று தோன்றியது. மனைவி அட்டையை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். பிள்ளைகள் இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். ராத்திரி மாத்திரையோ வேறு விதமாகப் படுத்தியது. அதைச் சாப்பிடுகிறவன் சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது. ஒரு காலையில் படகில் குனிந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவன் விருட்டென்று நிமிர்ந்தேன். வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. தொப்பென்று ஏரியில் விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"காலையிலயே போட்டுகினு வந்துட்டானா?" என்று யாரோ கேட்க, மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாராயம் இல்லடா! மாத்திரை! ஒண்ணுக்குப் போற மாத்திரை!" என்று அந்த ஏரி முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

அதோடு என் மானம் போனது என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. கரையில் நண்டு ஏலம் விடுகிறவர் அன்று சாயங்காலம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருக்கு அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதாம். பழவேற்காட்டில் வலைக்கடை வைத்திருக்கும் பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நின்று நின்று வருகிறது, ரொம்ப பேஜாரா கீது என்றார். கடைசியில் மச்சானே வந்தார். அவருக்கும் கொஞ்ச நாளாக எரிச்சலாம். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "அந்த மாத்திரைல நாலு குடேன்."

கொடுத்திருப்பேன். மனைவி விடவில்லை. "இன்னா, பட்டாணியா இது, ஆளுக்கு ஒரு கை குடுக்க? எல்லாரும் ஆட்டோல ஏறுங்க."

அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது நாலு பேராகப் போனோம். வலை வாங்கப் போவதாக அவரவர் வீட்டில் சொல்லியிருந்தார்கள். வலைக்கடை வைத்திருக்கும் பாயும் வலை வாங்கத்தான் போவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு டெஸ்ட் சுத்தமாக வந்திருந்தது. மீதி மாத்திரையையும் முடித்துவிடச் சொன்னார். ஏலக்காரருக்கு வந்திருந்தது சர்க்கரை. பாய்க்கு வயதினால் வந்த சுரப்பி வீக்கம். கிருமி இல்லாததால் ஆன்டிபயாடிக் வேண்டாம், என்னுடைய அந்த ராத்திரி மாத்திரை மட்டும் போதும் என்றார். பாய் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சட்டுனு எந்திரிக்கக் கூடாது பாய், உஷாரு," என்று நான் டாக்டர் போலச் சொன்னேன்.

மச்சானுக்கு ஒன்றுமே இல்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாராம்.

"படகுல எங்கம்மா குடிக்கிறது? காலைல ஒரு டீ."

"மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னுட்டு ஒரு டீயா? தண்ணி குடிங்க. அதுதான் மருந்து."

மச்சானுக்குப் பெரிய ஏமாற்றம். "ஒரே ஒரு மாத்திரையாச்சும் எழுதித் தாம்மா," என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பெரிய பாட்டில் ஒன்றை வாங்கி ஆட்டோவிலேயே வீம்புக்குக் குடித்துத் தீர்த்தார். ஊர் வருவதற்குள் இரண்டு இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இரண்டாவது முறை ஏறி உட்கார்ந்தவர், "எரியல மாப்ள," என்றார். அப்படி ஒரு சந்தோஷமான முகத்தை அவரிடம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாய் கை தட்டினார். ஆட்டோக்காரர் எதற்கென்று தெரியாமலே ஹாரன் அடித்தார்.