கண்டக்டரின் காது

நல்லவன் என்று பெயர் வாங்க இதை எழுதவில்லை. அந்தக் கண்டக்டர் மேல் எனக்குப் பொறாமை. வயிறு பற்றி எரிகிற பொறாமை.

ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீசில் நான் கிளார்க். சாயங்காலம் அறைக்கு வந்ததும் லேப்டாப்பில் விரல் நீள ரேடியோ ரிசீவரைச் செருகுவேன். பலா மரத்தில் கட்டிய கம்பிதான் ஆன்டெனா. எந்த நாட்டிலோ உட்கார்ந்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் மோர்ஸ் என்கிற தந்திக் குறியில் தட்டுவது, நீலத் திரையில் மஞ்சள் கோடாக இறங்கும். அதை எழுத்தாக மாற்ற ஒரு மென்பொருள். அது இல்லாவிட்டால் எனக்கு ஒரு மண்ணும் புரியாது.

கலசப்பாக்கத்திலிருந்து வரும் பஸ் திரும்பும்வரை அதன் கண்டக்டர் என் அறையில் டீ குடிப்பார். அவருக்கும் இதே பைத்தியம். தன் பழைய ரேடியோப் பெட்டியை என் கம்பியில் மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"இவரு அந்த ஜப்பான்காரரு சார். தட்டுற கை லேசா இழுக்குது பாருங்க."

அதற்கப்புறம்தான் என் மென்பொருள் விழித்துக்கொள்ளும். எட்டு வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு எல்லாமே ஒரே கீச்சு. இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தக் காது?

போன வருஷம் அவர் பெட்டி ஊமையாகிவிட்டது.

"புதுசா இன்னா வாங்கலாம் சார்? நீங்க சொன்னா கண்ண மூடிக்கினு வாங்கிடுவேன்."

அவர் கைக்கெட்டும் விலையில் இரண்டு செட்டுகள் இருந்தன. ஒன்றில் திரை கிடையாது, ஆனால் மெல்லிய மோர்ஸைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். மற்றதில் உள்ளங்கை அளவுக்குக் கலர் திரை. ஆனால் அதில் பெரிய வானொலி நிலையங்களின் இரைச்சல் ஏறி மெல்லியதை எல்லாம் அமுக்கிவிடும். மோர்ஸ் கேட்பவருக்கு எது சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். கலர் திரையைச் சொன்னேன்.

வாங்கிவிட்டார். அன்றிலிருந்து என் லேப்டாப் சத்தத்தை அவர் காதில் விழாதபடி ஹெட்போனுக்குள் அடக்கிக்கொண்டேன். அவர் திரையையே வெறித்துக்கொண்டிருப்பார், ஒரு ஆளையும் அடையாளம் சொல்லமாட்டார். இரண்டு மாதம், தட்டுவது யார் என்று நான்தான் முதலில் சொன்னேன். டீ கூட ருசியாக இருந்தது, போங்கள்.

ஒருநாள் கையில் ஒரு பைலோடு வந்தார்.

"திருவண்ணாமலையில காது டாக்டராண்ட போய்ட்டு வர்றேன் சார்."

"என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் கீதுன்றாரு. அவருக்கு இன்னா தெரியும்? செட்டு நீங்க பாத்து சொன்னது, அதுல தப்பு இருக்காது. காதுதான் போச்சு. வூட்ல இன்னும் சொல்லல."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தப்பு செட்டில்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. என் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டியிருந்தாலே போதும்.

"வயசாவுது இல்லிங்களா" என்றேன்.

"அதான் சார்" என்று தலையாட்டிவிட்டு, கம்பியிலிருந்து செட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.