நான் பிடிக்காத எருமைநாக்கு

அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கைகளிலும் ஏந்தியிருக்கும் மீன், என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். தட்டையான உடம்பு, ஒரே பக்கத்தில் இரண்டு கண். எங்கள் பக்கத்தில் எருமைநாக்கு என்போம். அதன் வாயோரத்தில் ஒரு வெள்ளை ரப்பர் மீன் தொங்குகிறது. பிடித்தது நான் இல்லை. ரப்பரை அதன் வாயில் மாட்டியது மட்டும்தான் நான்.

இதில் பாதியை முன்பே ஒருமுறை ஊரறியச் சொல்லிவிட்டேன். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இத்தனை நாளாகிவிட்டது.

பதினோரு வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில், என் அறையில் தங்கியிருந்த ஒரு மலையாளியோடு கடற்கரைப் பாறைகளுக்குப் போய் ரப்பர் இரை போட்டு மீன் பிடிக்கப் பழகினேன். ஊருக்குத் திரும்பிப் பட்டுக்கோட்டையில் கடை போட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் துணிமணியைவிட ரப்பர் மீன்கள்தான் அதிகம் என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

முத்துப்பேட்டைப் பக்கம் தூண்டிலுக்கு இரை என்றால் உயிர் இறால்தான். நான் ரப்பர் மீனை எடுத்து மாட்டும்போது கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது உள்ளுக்குள் பிடிக்கும். நான்கு பேருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம். தண்ணீர் கலங்கியிருந்தால் வெள்ளை, தெளிந்திருந்தால் இறாலின் பழுப்பு என்று நிறம் தேர்ந்தெடுப்பேன். ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளை ரப்பரின் பக்கத்தில் வைத்து அளந்து, முள்முனை எங்கே வெளியே வர வேண்டுமோ அங்கே நகத்தால் ஒரு கீறல் போடுவேன். பிறகு மூக்கின் நடுவில் குத்தி, நேராகச் செலுத்தி, கீறிய இடத்தில் முதுகு வழியாக வெளியே எடுப்பேன். ஒரு நூலளவு கோணினாலும் ரப்பர் தண்ணீரில் பம்பரம் மாதிரி சுற்றும். எருமைநாக்கு சேற்றுக்குள் புதைந்து கிடந்து மேலே பார்க்கிற மீன். இரை அதன் முன்னால் அடிமண்ணில் உரசிப் புழுதி கிளப்பிக்கொண்டு போக வேண்டும். முதலில் வாலைத்தான் கவ்வும். உடனே இழுத்தால் அறுந்த வால்தான் மிஞ்சும். இரண்டு மூச்சு பொறுத்துத்தான் இழுக்க வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஈயத் தலைகளுக்கு மனைவியின் நகப்பாலிஷால் சிவப்புக் கண் வைப்பேன். அவளுடையது செங்கல் பொடி கலந்தது போன்ற ஒரு சிவப்பு. இவ்வளவு தெரிந்தும், ஊர் திரும்பிய பிறகு ஒரு எருமைநாக்குகூட எனக்கு மாட்டியதில்லை. கொடுவா மாட்டியது, கிழங்கான் மாட்டியது, இது மட்டும் இல்லை. தூண்டில்காரர்கள் சிலர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். அதில் அவ்வப்போது நான் பாடம் எடுப்பேன். ஒருவர் ஒருநாள், "சார் மீனக் காட்டாமயே கிளாஸ் எடுக்குறாரு" என்று எழுதினார். எல்லோரும் சிரிக்கும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். ஆனால் அது மனதில் தைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. ஆறு காயலில் கலக்கும் இடத்தில், அலையாத்தி மரங்களின் ஓரமாக நின்று விடிந்ததிலிருந்து வீசிக்கொண்டிருந்தேன். நான்கு ரப்பர்கள் வேரில் சிக்கி அறுந்துபோயின. புதிதாகக் கட்டிக் கட்டி வீசினேன்.

சற்றுத் தள்ளி இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் இறால் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர் வலையில்லாமல், குனிந்து நடந்து சேற்றில் இரண்டு கைகளாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். பல நாள் பார்த்த முகம், பேசியதில்லை.

திடீரென்று அவர் அசையாமல் நின்றார். காலடியில் எதையோ அழுத்திக்கொண்டு, மெல்லக் குனிந்து, கன்னம் தண்ணீரில் பட இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். நிமிர்ந்தபோது கையில் அந்த மீன் துள்ளியது. மிதித்தே பிடித்திருந்தார்.

நான் தண்ணீரில் இறங்கி அவரிடம் போனேன். "அக்கா, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, "எடுத்துக்கங்க சார்" என்று மீனை நீட்டினார். என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவர் திரும்பிய அந்த நேரத்தில்தான் செய்தேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கரையேறி, முள்ளை மீனின் உதட்டோரத்தில் குத்தி, போனைக் கரையில் ஒரு கட்டைமேல் சாய்த்து வைத்து, சிரித்தேன். படமும் எடுத்தேன், வீடியோவும் எடுத்தேன். பிறகு முள்ளைக் கழற்றிவிட்டு மீனை அவரிடம் கொடுத்தேன். "நல்ல மீனுக்கா" என்றேன். "ஆமாங்க, கொழம்புக்கு ஆச்சு" என்றார்.

மதியத்துக்குள் படம் குழுவைத் தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"இவ்ளோ பெரிய மீன வீட்டுக்குக் கொண்டாரலியா?"

"உயிரோட விட்டுட்டேன்."

"நீங்களா?" என்று ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போனது. 'பிடித்தேன், ரசித்தேன், திரும்ப ஆற்றில் விட்டேன்' என்று படத்தின் கீழே சேர்த்தேன். பாராட்டு இரண்டு மடங்கானது. இரண்டு நாள் கழித்து, ரப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது, முள்ளை எப்படிச் செலுத்துவது, அடிமண்ணில் எப்படி இழுப்பது என்று ஒரு வீடியோவும் போட்டேன். சொன்ன பாடம் எல்லாம் சரியானதுதான். முடிவில் அந்த மீனைக் காட்டினேன். இடத்தையும் சொன்னேன். ஈயத் தலைக்குச் சிவப்புக் கண் வைக்கச் சொன்னேன்.

பங்குனி பிறப்பதற்குள் அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேர் நின்றார்கள். தஞ்சாவூரிலிருந்து காரில் வந்தார்கள். எல்லோரும் அடிமண்ணில் இழுத்தார்கள். வேரில் சிக்கியதை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள், நான் செய்தது போலவே. இறால் தடவும் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனார்கள். அதை நான் கவனித்தேன். கவனித்தும், இறால் அதிகம் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை. கரையில் கூட்டமில்லை. என்னைத் தேடி வந்த இரண்டு பேருக்கு முடிச்சுப் போடக் காட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீரிலிருந்து ஒரு சத்தம். அலறல் இல்லை, யாரையோ கூப்பிடுவது போல. அந்த அக்காதான். முன்பு போலவே தண்ணீரில் குனிந்திருந்தார், ஆனால் நிமிர முடியவில்லை. வலது கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

ஓடிப் போய்த் தடவிப் பார்த்தேன். உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே முள் ஏறியிருந்தது. அதில் கட்டியிருந்த தூண்டில் நரம்பு அலையாத்தி வேரைச் சுற்றிச் சிக்கியிருந்தது. கையை இழுத்தால் முள் இன்னும் ஏறும். கத்தியால் நரம்பை அறுத்து அவர் கையை மேலே தூக்கினேன். கிழிந்த வெள்ளை ரப்பரில் ஒரு துண்டு, ஈயத் தலை, அதில் பாதி உரிந்த சிவப்புக் கண்.

கடை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் மடியில் ஈரத்துணி சுற்றிய கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளில் எதிர்முனை இருந்ததால் வந்த வழியே எடுக்க முடியவில்லை. கீறித்தான் எடுத்தார்கள். நர்ஸ் அதை ஒரு தட்டில் போட்டு வெளியே கொண்டுவந்து, "இது யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார்.

நான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செங்கல் பொடி கலந்தது போன்ற அந்தச் சிவப்பு. என் வீடியோவைப் பார்த்து எத்தனையோ பேர் சிவப்புக் கண் வைத்திருந்தார்கள், யாருடையது என்று யார் சொல்ல முடியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அதை மறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கணவர் வந்தார். தென்னந்தோப்பில் காய் பறிக்கும் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தன் வீடியோ போட்டானாம் சார். அதுலேர்ந்துதான் இந்தக் கூட்டம். இப்பப் பாருங்க. நீங்க இருந்ததால ஆச்சு."

"பரவால்லங்க" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் வெளியே போய் எனக்கு டீ வாங்கி வந்தார். குடித்தேன்.

நான்கு நாள் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். பழத்தை வாங்கி வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லிவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"எம் மக போன்ல ஒங்க படத்தக் காட்டுனா. அது நான் மிதிச்ச மீனுதான சார்?"

"ஆமாக்கா."

"முதுகுல ஒரு வடு இருந்துச்சு. அத வச்சுதான் கண்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டது போலவே தெரியவில்லை. "மீனுக்கு என்னா, அன்னிக்கே தின்னாச்சு" என்றார். "முள்ளு எங்கெங்க கெடக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு? அதச் சொல்லுங்க. மத்தவளுவளும் எறங்கணும்ல."

அன்றே பழைய வீடியோவை நீக்கிவிட்டு இன்னொன்று போட்டேன். மீன் நான் பிடித்ததில்லை, இறால் தடவும் ஒரு பெண் பிடித்தது, அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம், முள்ளால் ஒருவருக்குக் கை கிழிந்திருக்கிறது என்றேன். திட்டுவார்கள் என்று தயாராக இருந்தேன். வந்ததெல்லாம் பாராட்டு. 'இவ்வளவு நேர்மையான மனிதரைப் பார்த்ததில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்த அந்த முள், அதைப் படிக்கும்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது. போனை அணைத்தேன்.

ரப்பர் சிக்கிய இடங்கள் எனக்கு ஓரளவு நினைவிருந்தன. அடுத்த மூன்று ஞாயிறுகளில் குழுவிலிருந்து ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். தடித்த செருப்புப் போட்டு இறங்கி, வேர் வேராக, கம்பால் நரம்பைத் தேடி எடுத்தோம். இரண்டு பெண்கள் கரையில் நின்று, தாங்கள் நடக்கிற தடத்தைக் காட்டினார்கள். ஒரு சின்ன வாளி நிறையும் அளவுக்குக் கிடைத்தது. எல்லாம் கிடைத்ததா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களில் ஒருவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனையா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்குக் காயம் ஆறியது. சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. சித்திரை கடைசியில் அவரைக் கரையில் தனியாகப் பார்த்தபோது முள்ளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஒங்க கையிலேர்ந்து எடுத்தது. என்னோடதுதான்க்கா. அந்தச் செவப்பு எங்க வீட்டு நகப்பாலிஷு. அன்னிக்கே தெரியும். மறைச்சுட்டேன்."

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில சொல்லியிருந்தா நல்லா நாலு வாங்கு வாங்கியிருப்பேன்" என்றார். "எல்லாம் ஆறுனப்பறம் வந்து சொல்றீங்க. இப்ப என்னாத்த திட்டுறது."

எனக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. அதை வாங்கத்தான் போயிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அதுவும் என் வசதிக்காகத்தான்.

காயத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் தண்ணீரில் இறங்கப்போகும் நாள் அது. அவருக்காகத் தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தேன். நீட்டினேன். மறுக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டு, பறியைப் பல்லில் கடித்து, இறங்கினார். பத்தடி தூரம் சேற்றைத் துழாவிக்கொண்டு போனார். இரண்டு தடவை கையைத் தூக்கினார், இரண்டு தடவையும் வெறும் கை. கையுறைக்குள் இறால் அசைவது தெரியவில்லை போலும். நின்று, இரண்டையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு வெறுங்கையோடு குனிந்தார்.

கொஞ்ச நேரத்தில் வலது கை மேலே வந்தது, ஒரு இறாலோடு. மடங்காத சுண்டுவிரல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மரங்களின் ஓரமாக நடந்து வளைவைத் தாண்டும் வரை நான் கரையிலேயே நின்றிருந்தேன்.