வாக்கர் நுழையாத வீடு

ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் நன்றாகவே நடந்தேன். சேலையூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்த ஆறாம் நாள் அது. வாக்கரை (நான்கு கால் கொண்ட நடைச்சட்டம்) முன்னால் நகர்த்தி, ஒற்றைக் காலை ஊன்றி, கடைசி ஜன்னல் வரை போய் வந்தேன்.

"வீட்லயும் தினம் இப்படியே நடக்கணும். படுத்தே கெடந்தா ரத்தம் கட்டிக்கும்" என்றார் டாக்டர். வீட்டில் எவ்வளவு இடம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூச்சம்.

எங்களுடையது அடுக்குமாடியில் ஒரே படுக்கையறை கொண்ட வீடு. நான், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள். பாத்ரூம் வாசலில் வாக்கர் முட்டி நின்றது. கதவைக் கழற்றினோம். அப்போதும் இரண்டு விரல் அகலம் போதவில்லை.

ஆகவே பெட்பேன் (படுத்தபடியே கழிக்க உதவும் பாத்திரம்). கட்டிலுக்கும் மகளின் மேஜைக்கும் நடுவே திரையாக ஒரு புடவை. ஒவ்வொரு முறையும் அவள் புத்தகத்தோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அவளைப் படிப்பிலிருந்து எழுப்ப வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர், அந்த வாசலை அந்த அளவில் கட்டி விற்றவர்.

காய்ச்சல் விட்டதும், வீட்டுக்கு வெளியே வராண்டாவில் நடக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார்.

"சார், இது காமன் ஏரியா. டொக்கு டொக்குனு சத்தம் வருதுனு கம்ப்ளெயின்ட். உள்ளயே நடங்களேன்."

"உள்ள எங்க சார் நடக்கறது, கேஸ் அடுப்பு மேலயா?" என்றாள் மனைவி.

வழக்கம்போல் 'சரி சார்' சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"எழுநூறு சதுர அடினு வித்தாங்க சார். உள்ள அளந்தா ஐந்நூறுகூட இல்ல. கேட்டா, படிக்கட்டு, லிப்ட், இந்த வராண்டா எல்லாத்துலயும் உங்க பங்கு இருக்கு, அதான் சூப்பர் பில்டப்னாங்க. நான் என் வீட்டுக்குள்ளதான் நடக்கறேன்."

"எல்லாருக்கும் அப்படித்தான சார்?"

"அப்ப எல்லாரும் நடக்கட்டும்."

அவர் லிப்டுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார். நான் லிப்டிலிருந்து கடைசி வீடு வரை நடந்தேன். மறுநாளும் நடந்தேன்.

இப்போது எந்த வாசலைக் கண்டாலும் என் இடுப்பு முதலில் அதை அளக்கிறது.

முறிந்த காலையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன ஆறாவது வாரம், வாக்கரை வெளியே நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி தனியாகப் பாத்ரூமுக்குள் போனேன். திரும்பி வர, மகள் ஒரு பக்கம் படித்து முடிக்கும் நேரம் ஆனது. அவள் மேஜையை விட்டு எழவில்லை.