பாடனில் பட்டிப்பூக் கசாயம்

மகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று நித்தியகல்யாணியிலிருந்து வந்தது என்று மருத்துவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நாங்கள் பட்டிப்பூ என்போமே, அதே செடி. கோயில் அன்னதானத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். அது போதுமாயிருந்தது.

அடுத்த கிழமையே சுவிஸின் பாடன் நகரில் உள்ள எங்கள் வீடு மூலிகை ஆராய்ச்சி நிலையமாகிவிட்டது. மஞ்சள் சாறு கிருமியைக் கொல்லுமாம். வேப்பிலைச் சாறு புற்றுநோய்க் கலங்களையே கொல்லுமாம். ஆய்வுக்கூடத் தட்டில் நிரூபித்தாயிற்று என்று வாட்ஸ்அப்பில் ஆதாரமும் வந்தது. தட்டு கொடுத்துவைத்தது. அதற்கு ஈரல் இல்லை, குமட்டலும் இல்லை. வந்த போத்தல்களையெல்லாம் நன்றி சொல்லி வாங்கிக் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

வில் நகரிலிருந்து வந்த என் அக்கா மட்டும் நேரே மூலத்துக்கே போயிருந்தார். பல்கனியில் வளர்த்த பட்டிப்பூவை வேரோடு அவித்துக் கொண்டுவந்தார்.

"அக்கா, அது நஞ்சு."

"ஆஸ்பத்திரியில ஏத்தினா மருந்து, நான் அவிச்சா நஞ்சோ?"

"அங்க டொக்டர்மார் பிரிச்செடுத்து அளந்து ஏத்துகினம்."

"நானும் அளந்துதான் தண்ணி விட்டனான். நாலெழுத்துப் படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்காத, தம்பி."

குமட்டல் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினேன். மகளின் கையில் வெறும் குவளை, பக்கத்தில் அக்கா.

"மாமி அழுதவ, அப்பா. அதான் குடிச்சனான்."

சிறிது நேரத்தில் வாந்தி தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எவ்வளவு போட்டு அவித்தது என்று மருத்துவர் கேட்டார்.

"ஒரு கைப்பிடி," என்றார் அக்கா, தயக்கமே இல்லாமல்.

அதை ஜெர்மன் மொழியில் சொன்னேன். மருத்துவர் அக்காவின் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஏற்கெனவே ஏற்றிய மருந்தோடு இதுவும் சேர்ந்தால் நரம்புகளைத் தாக்கலாம் என்றார். இரத்தம் எடுத்தார்கள், மகளை அங்கேயே மறித்து வைத்தார்கள், அந்தக் கிழமை மருந்து ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

"அப்ப இந்தக் கிழமை ஒண்டும் இல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. உங்கட கைப்பிடி உள்ளுக்க நிக்குதாம்."

ஏற்றும் நாளை நினைத்தாலே நடுங்குகிறவன் நான். அந்தக் கிழமை ஏற்றவில்லையே என்று நடுங்கினேன்.

நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிகிச்சை மறுபடி தொடங்கிவிட்டது. இப்போது அவள் கையில் எந்தக் குவளையைக் கண்டாலும் வாங்கி மணந்து பார்க்கிறேன்.

"அப்பா, அது வெறும் தேத்தண்ணி," என்கிறாள், கையை நீட்டியபடி.