ஜெபத்தை நிறுத்திய என் மாமியார்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனை முடிந்த மத்தியான வேளையில், காரைக்குடியில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு மெஷின் உதிரி பாகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் தொழில். குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது. எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பார், கமிட்டியிலும் இருந்தார். எனக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்குள் அவர் வேறு ஆள். போனை எடுக்கத் தாமதமானால் அடி, குழம்பு ஆறியிருந்தால் அடி. முகத்தில் மட்டும் படாது. முதுகிலும் தோளிலும்தான் விழும், சேலை மறைத்துவிடும். அடிப்பதற்கு முன் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியில் ஓடும் கிறிஸ்தவப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பக்தியான குடும்பம் என்றே நினைத்தார்கள்.

மாமியார் எங்களோடுதான் இருந்தார். சத்தம் கேட்டதும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மகனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் மகன் பக்கம்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தேவகோட்டையில் இருக்கும் என் அம்மாவோ, "ஜெபம் பண்ணு, ஆண்டவர் அவரை மாத்துவாரு" என்று போனை வைத்துவிடுவார். நானும் ஜெபித்தேன். முழங்காலில் நின்று அழுது அழுது ஜெபித்தேன். வெளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம், என் கணவர் தன் சட்டை ஒன்று தேய்க்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டார். குரல் மாறியது. என் மகள் அப்போது யு.கே.ஜி. தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள், அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கையிலிருந்த கிரேயானை வைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்து, அவளே டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

அன்றைக்கு எங்கெங்கே அடி விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. பிள்ளை ரிமோட்டை எடுத்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது. இந்த வீடு அவளுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று புரிந்ததும் எனக்குள் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடமும் அவர் மனைவியிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தோளில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து போதகர் மனைவி அழுதுவிட்டார். அன்று மத்தியானமே இருவரும், சபை மூப்பர் ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

என் கணவர் எதையும் மறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் முழங்கால் போட்டு, தேம்பித் தேம்பி அழுதார். சாத்தான் தனக்குள் புகுந்துவிட்டான், இனிமேல் நடக்காது என்றார். போதகருக்கு மனம் இளகிவிட்டது. அவர் நல்லவர்தான், எப்படியாவது ஒரு குடும்பம் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மூப்பர் என் பக்கம் திரும்பி, மனைவியானவள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை நினைவுபடுத்தினார். போதகர் என் கையை எடுத்து என் கணவரின் கைமேல் வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினோம். ஜெபம் ஆரம்பித்தது. அந்தக் கை என் விரல்களை இறுக்கியபோது, அவர்கள் கிளம்பிப் போனதும் எனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

"கண்ணத் தொறங்க ஐயா."

மாமியார் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். போதகர் திகைத்துப்போய் ஜெபத்தை நிறுத்தினார்.

"நீங்க ஜெபம் பண்ணிட்டுப் போயிருவீக. இவன் அப்பாவும் இப்படித்தான் முழங்கால் போட்டு அழுதாக. அன்னைக்கும் ஒரு போதகர் வந்தாக, என் கையப் புடிச்சு அவுக கையில வச்சாக. அடுத்த வாரம் எனக்கு இந்தக் காது போச்சு."

மாமியாருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மகனுக்கே அன்றுதான் உண்மை தெரிந்தது.

மூப்பர் விடவில்லை. "பழசெல்லாம் இப்ப எதுக்கு? வேதத்துல சொன்னதத்தானே நாங்க சொல்றோம்" என்றார்.

"பாதிதான சொன்னீக? அதே எடத்துல புருஷனுக்கும் சொல்லியிருக்கே, அத ஏன் விட்டுப்புட்டீக? பொண்டாட்டிக்காக உசுரக் குடுக்கச் சொல்லியிருக்கு. உசுர எடுக்கச் சொல்லல."

"நீ உள்ள போம்மா" என்றார் என் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்குட்டும் போகல. இது எங்கப்பா எனக்குக் குடுத்த வீடு. போறது நீதான். துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

போதகர் என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

அதுவரைக்கும் யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் கையை விடுவித்துக்கொண்டேன். "நான் மன்னிச்சிட்டேங்கய்யா. ஆனா இனிமே இவரோட ஒரே வீட்டுல இருக்க மாட்டேன்" என்றேன்.

போதகர் எழுந்து என் கணவரின் தோளைத் தொட்டு, "வாங்க தம்பி, போவோம்" என்று மட்டும் சொன்னார். தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் போதகர் மனைவி எங்களோடு மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார். புகாரை எழுதிக்கொண்ட பெண் போலீஸ் மாமியாரைப் பார்த்து, "நீங்க பொண்ணோட அம்மாவா?" என்று கேட்டார். "பையனோட அம்மா. சாட்சி சொல்ல வந்திருக்கேன்" என்றார் மாமியார். அந்தப் பெண் போலீஸ் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். பிற்பாடு என் கணவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவும் வாங்கினோம்.

எல்லாமே சுலபமாக முடிந்துவிடவில்லை. பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுத்தவள் என்று உறவில் சிலர் மாமியாரோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாள் அடுப்படியில் நின்று அவர் தனியாக அழுததையும் பார்த்தேன். "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீக அத்தை?" என்று அப்போதுதான் கேட்டேன். "தைரியம் இல்ல ஆத்தா. நீ போய்ச் சொல்லவும்தான் எனக்கு வாய் வந்துச்சு" என்றார்.

இப்போது நான் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கும் ஹோட்டலில் வரவேற்புப் பொறுப்பில் இருக்கிறேன். என் கணவர் மதுரைக்குப் போய் மனநல ஆலோசனை பெற்றுவருகிறார். கோர்ட் அனுமதித்தபடி, மாதம் ஒரு முறை பாட்டியை வைத்துக்கொண்டு மகளைப் பார்க்கிறார். உண்மையாகவே மாறுகிறார் போலத்தான் தெரிகிறது. அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன். திரும்பச் சேர்வோமா என்று யாராவது கேட்டால், அவசரமில்லை என்கிறேன்.

போன வருடம் எங்கள் சபையில், கல்யாணம் ஆகப்போகும் ஜோடிகளுக்கு நடக்கும் வகுப்பில் பேச போதகர் மாமியாரை அழைத்தார். மைக்கை நீட்டியபோது வேண்டாம் என்றுவிட்டார். ஒரு காது கேட்காததால் அவர் பேச்சே சத்தமாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவர் பேசியது தெரு வரைக்கும் கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தவர் அதே மூப்பர்.

இன்று ஒரு பெண் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு "ஜெபிக்கிறேன் அக்கா" என்று சொன்னால், நானும் உன்னோடு ஜெபிக்கிறேன், ஆனால் நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் வாயைத் திறந்து சொல் என்கிறேன்; ஏனென்றால் நான் வாயைத் திறந்த பிறகுதான் என் ஜெபத்துக்கான பதில் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தது.