உதவிக்குப் போன நாட்கள்

முறுக்கு எண்ணெய் வாடை ஷாம்பு போட்டாலும் போகாது. தலையணை, துண்டு, அலமாரியில் மடித்து வைத்திருந்த பழைய பள்ளிச் சீருடை... எல்லாவற்றிலும் அதே வாடை.

நேற்று ஒருத்தி இங்கே, நம் முகநூல் குழுவில், முறுக்குப் படம் போட்டிருந்தாள். பார்த்ததும் அந்த வாடை திரும்ப வந்துவிட்டது.

பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை நிறுத்திவிட்டு, கிள்ளானில் ஓர் ஆன்டியின் முறுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடு என்றுதான் சொல்வோம். பின்பக்கம் தகரக் கூரை இறக்கி, வரிசையாக அடுப்பு போட்டிருந்தார்கள். அங்கிருந்து பூச்சோங், ஜெஞ்சாரோம் வரை முறுக்கு போகும்.

ஆனால் யாரும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதில்லை. "ஆன்டிக்கு உதவிக்குப் போறேன்" என்போம். அதுதான் வழக்கம். வேலை என்று சொன்னால் ஆன்டியின் முகம் வாடிவிடும். மதியம் எங்களோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். காய்ச்சல் என்றால் ரசம் வைத்துத் தருவார். சனிக்கிழமை கவரை நீட்டும்போதுகூட, "கைச்செலவுக்கு வச்சுக்கம்மா" என்பார். சம்பளம் என்ற சொல்லே அங்கே கிடையாது.

பக்கத்து அடுப்பு கலா அக்காவுடையது. அச்சுப் பிழிவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் வாயே திறக்காத பெண் என்பதால் எனக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தது அவர்தான்.

"ஏய் ரேடியோ, சவுண்ட கொஞ்சம் குறைடி. காது வலிக்குது லா!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

ஒரு மதியம் நல்ல மழை. தகரத்தில் ஒழுகித் தரையெல்லாம் ஈரம். அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது கால் வழுக்கியது...

வலது கை. முழங்கை வரை.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆன்டியே காரை எடுத்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ் கேட்டார்.

"எங்க நடந்துச்சு? வேலை செய்யிற இடத்திலயா?"

அக்கா ஆன்டியைப் பார்த்தார். ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மிஸ்ஸி... ஆன்டி வீட்டுக்கு உதவிக்குப் போயிருந்தேன். அங்க."

பொய் சொல்கிறோம் என்று அக்கா நினைக்கவே இல்லை. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

புண் ஆறியது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அச்சைப் பிடிக்க முடியவில்லை, சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த, லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர்தான் சொன்னார்.

"வேலையில அடிபட்டா சொக்சோ பார்த்துக்கும் கலா, கவர்மென்ட் இன்சூரன்ஸ் அது. உன் பேர ஆன்டி பதியலன்னாலும் போய்க் கேளு."

சொக்சோ ஆபீசுக்குப் போனோம். கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரியில் வேலை என்று பதிவாகவில்லையாம். வேலை கொடுத்தவர் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்.

அன்றே ஆன்டி வீட்டுக்குப் போனோம். டீ கொடுத்தார். அக்கா தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். ஆன்டி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எனக்கு மக மாதிரி கலா. மகள போயி, என்கிட்ட வேலை செஞ்சவன்னு ஆபீசுல எப்படிம்மா சொல்லுவேன்?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ...

"அக்கா தெனமும் காலையில வந்து, சாயந்திரம் வரைக்கும் இருந்தாங்கதானே ஆன்டி."

"பாருடா, ரேடியோ பேசிருச்சு!" என்று சிரித்தார் ஆன்டி. கண் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து நீட்டினார்.

அக்கா அதை இடது கையால் வாங்கினார். இடது கையால் வாங்குவதற்கு ஆன்டியிடம் மன்னிப்பும் கேட்டார்.

அப்புறம் நாங்கள் இருவரும் அங்கே போகவில்லை.

இப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பூச்சோங்கில் ஒரு பேக்கிங் தொழிற்சாலையில் இருக்கிறேன். சூப்பர்வைசர் என் பேரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. காய்ச்சல் என்றால் ரசம் வராது. ஆனால் டாக்டர் தரும் எம்.சி.யைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுக்கலாம். சம்பளச் சீட்டில் சொக்சோவுக்குப் பணம் பிடித்திருப்பார்கள். அம்மாவிடம் வேலைக்குப் போறேன் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

சில மதியங்களில் கேன்டீனில் தனியாகச் சாப்பிடும்போது, அந்தத் தரையும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வரும். ஏன் வருகிறது என்று என்மேலேயே கோபமாகவும் இருக்கும்.

போன தீபாவளிக்கும் ஆன்டி கலா அக்காவுக்கு மறக்காமல் முறுக்கு அனுப்பியிருந்தார். சிவப்பு மூடி போட்ட பாட்டில், சுற்றிலும் இறுக்கமாக டேப். அக்கா அதை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இடது கையால் திருகிப் பார்த்தார். மூடி அசையவில்லை. என்னிடம் நீட்டினார்.

"ரேடியோ... கொஞ்சம் உதவி பண்ணுடி."

திறந்தேன். அதே வாடை.